பாலாற்றுக்குப் பட்டா இருக்கா சார்?

வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. (பட்டியலில் போலீஸைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் இரண்டு அயிட்டங்கள் உண்டு. வேலூருக்கு நான் மறுபடி போகவேண்டியிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.)

இதில் சாமி அயிட்டம் 1981-லேயே காலி. அந்த வருஷம் மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக்குள் மறுபடி பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். தண்ணீர் அயிட்டம் 2021 நவம்பரில் காலி. அதுவும் சாதாரணமாக இல்லை. 19-ம் தேதி வாலாஜாபேட்டை அணைக்கட்டைத் தாண்டிப் போன தண்ணீர் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல். அதே மழையில் கோட்டை அகழி நிரம்பி, வெளியேறும் வழி அடைபட்டுக் கிடந்ததால் தண்ணீர் கோயிலுக்குள்ளேயே போய் நின்றது. ஜலகண்டேஸ்வரர் பெயருக்கு ஏற்றபடி ஜலத்தில்!

இந்த ஊருக்கு நான் போனது சாமி கும்பிட இல்லை. பிளாட் பார்க்க. எனக்கில்லை, சார். என் பாங்க் பாஸ்புக்கைப் பார்த்தால் எந்த புரோக்கரும் டீ கூட வாங்கித் தரமாட்டார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நண்பனுக்காக. அவனுக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். பி.எஃப். லோனும் பாங்க் லோனும் சேர்த்து, பாலாற்றங்கரையில் ஒரு மனை வாங்கி, ரிடையர் ஆனதும் காற்று வாங்கிக்கொண்டு உட்காருவது என்று திட்டம். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருந்தது. தென்னை மரம், புல்தரை, பின்னால் நுரைத்து ஓடும் நதி. (அந்த நதி நிச்சயம் கேரளாவில் எடுத்தது.) "நீ பி.காம்.தானே, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கே, ஒரு நடை பார்த்துட்டு வந்துடு" என்றான். பி.காம். படித்தவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை.

காட்பாடியில் இறங்கி வேலூர் பஸ் பிடித்தால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். ஜன்னல் சீட் கிடைத்தது. கீழே மணல், சீமைக் கருவேலம், கரையோரம் குப்பை, நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ. மணல் திட்டில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். லாங் ஆன் திசையில் மூன்று எருமைகள் ஃபீல்டிங். பக்கத்து சீட்காரரிடம், "இதுலயா சார் ஒரு லட்சம் கன அடி போச்சு?" என்றேன். "போச்சே! பாலத்துல நின்னு நானே பார்த்தேன். காலு நடுங்கிப்போச்சு" என்றார். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தானே நம்பாதவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிரச்னையே அங்கேதான் இருக்கிறது. காவிரியோ தாமிரபரணியோ வருஷா வருஷம் வந்து தன் எல்லையைக் காட்டிவிட்டுப் போகும். பாலாறு அப்படி இல்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்சம் தலைகாட்டி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் என்று வந்து கல்பாக்கம் அருகே கடலில் சேருகிறது. மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் நம்மிடம்தான். மேலே ஏரிகளும் தடுப்பணைகளும். 1892-ல் மைசூரும் மதராஸும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்து இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறோம். ஆக, பெரும்பாலான வருஷங்களில் இது ஓடுகிற ஆறு இல்லை, அகலமான மணல். பத்து வருஷம் தண்ணீர் வராத ஆற்றைப் பார்க்கிறவனுக்கு அது ஆறாகத் தெரியாது. நிலமாகத் தெரியும். ரியல் எஸ்டேட்காரர் கண்ணுக்கு கிரவுண்டு கணக்கில் தெரியும்.

நண்பனுக்குச் சொல்லியிருந்த இடம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி. கலர் கொடி, முட்டுக்கல், ஆர்ச் எல்லாம் இருந்தது. புரோக்கர் ஃபைலை நீட்டினார். பார்த்தேன். பட்டா சுத்தம். முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் சுத்தம். அ-பதிவேட்டில் புஞ்சை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரமும் வாங்கியாகிவிட்டது. என் ஆடிட்டிங் வாத்தியார் இருந்தால் பச்சை மையில் டிக் போட்டுக் கொடுத்திருப்பார்.

"ஆத்துப் புறம்போக்கு அந்தாண்ட கீது சார். நம்முது பக்கா பட்டா நிலம்" என்றார் புரோக்கர்.

"2021-ல இங்க தண்ணி வந்துதா?"

"அது நூறு வருஷத்துக்கு ஒரு தபா சார். 1903-ல வந்துது. அப்புறம் 2021. அடுத்தது நம்ம பேரனுக்குப் பேரன் பார்த்துப்பான்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பி.காம். சும்மா இருக்குமா? நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். போன தடவை எப்போது வந்தோம் என்று வெள்ளம் டைரி எழுதி வைப்பதில்லை. நண்பனின் லோன் இருபது வருஷம். இருபது வருஷத்துக்குள் ஒரு தடவையாவது வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று செல்போனில் தட்டிப் பார்த்தேன். நூற்றுக்குப் பதினெட்டு! அதே வெள்ளம் ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டால், நூற்றுக்கு முப்பத்துமூன்று. அதாவது மூன்று பேர் மனை வாங்கினால், ஒருத்தர் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றவேண்டி வரும்.

அப்படி ஆகுமா என்றால், ஆவதற்குக் காரணம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் அதிகமாக ஈரத்தைத் தாங்கும். பெரிய பையில் அதிகக் காய்கறி கொள்கிற மாதிரி. பை கிழிந்தால் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டும். வருஷத்து மழையின் மொத்தம் பெரிதாக மாறாமல், பத்து நாளில் பெய்யவேண்டியது இரண்டே நாளில் கொட்டிவிட்டுப் போவது இப்படித்தான். மற்ற நாட்களுக்கு வெயில். வேலூர் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, அக்னி நட்சத்திரத்தில் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

மனையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் டீக்கடை. ஓனரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் பாய்லருக்குப் பின்னாலிருக்கும் சுவரைக் காட்டினார். இடுப்புக்கு மேலே, செம்மண் நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு உரிந்திருந்தது. "மூணு தபா வெள்ளை அடிச்சேன் சார். போவ மாட்டேங்குது. அப்பால சரி, கெடக்கட்டும்னு வுட்டுட்டேன். ராத்திரி ரெண்டு மணி. சிலிண்டரைத் தூக்கிக்கினு ஓடினோம். கல்லாப்பெட்டி போச்சு."

கையில் ஃபைல், எதிரே சுவர். பட்டா என்ன சொல்கிறது? நிலம் யாருடையது என்று. வில்லங்கச் சான்றிதழ்? அதன்மேல் யார் யாருக்குக் கடன் என்று. மனைப்பிரிவு வரைபடம்? எங்கே ரோடு, எங்கே பார்க் என்று. தண்ணீர் எதுவரை வந்தது என்று சொன்னது டீக்கடைச் சுவர் ஒன்றுதான். அதற்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மதிப்பு கிடையாது.

வெள்ளம் வந்தால் நாம் உடனே "ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு" என்று கத்துகிறோம். அது பாதிதான் உண்மை. குடியாத்தத்தில் கௌண்டன்ய நதியோரம் இருந்த ஆக்கிரமிப்பு வீடுகளை 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஜே.சி.பி. வைத்து இடித்தார்கள். சரி, புறம்போக்கு. ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பட்டா நிலத்தில், அங்கீகாரம் வாங்கி, வரி கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் எத்தனை பேர்! காட்பாடி பக்கம் கழிஞ்சூர் ஏரி கோடி போனபோது வி.ஜி.ராவ் நகருக்குள் தண்ணீர் புகுந்தது. வேலூருக்குள் நிக்கல்சன் கால்வாய் ஓரம் கன்சால்பேட்டைக்கு மழைக்காலம் என்றாலே மூட்டை கட்டும் காலம். சட்டத்துக்குப் பட்டாவும் புறம்போக்கும் வேறு வேறு. தண்ணீருக்கு மேடும் பள்ளமும்தான் வேறு வேறு.

நண்பனுக்கு சுவரை போட்டோ எடுத்து அனுப்பினேன். "வேண்டாம்டா" என்று பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் அந்த மனை விற்றுப்போய்விட்டது. வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் பி.காம். நண்பன் இல்லாதவர். ஆளாளுக்கு ஒரு நண்பனை அனுப்பி சுவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் நகராட்சி, ஊராட்சி, நகர் ஊரமைப்புத் துறை என்று வைத்திருக்கிறோம்.

அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை வேலூரில் சந்தித்தேன். பெயர் போடவேண்டாம் என்றார், பென்ஷன் வாங்குகிறார். "எங்க மேப்புல ஆறு நீலம். நீலத்துக்குப் பக்கத்துலயே மஞ்சள் அடிச்சிருப்போம். மஞ்சள்னா குடியிருப்பு. பச்சைன்னா விவசாயம். பச்சையை மஞ்சளாக்கணும்னா மனு போடுவாங்க. ரோடு இருக்கா, பட்டா இருக்கா, தாசில்தார் ஒண்ணும் ஆட்சேபிக்கலியா, முடிஞ்சுது. வெள்ளம் எங்க வரைக்கும் வந்துச்சுங்கற காலமே அந்த ஃபாரத்துல கெடையாது தம்பி."

கம்பெனிக் கணக்கில் வாராக் கடன் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. எவன் ஏமாற்றுவான் என்று தெரியாது, ஆனால் யாரோ ஏமாற்றுவான் என்று தெரியும். முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவோம். ஊருக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு வேண்டும். பணமாக இல்லை, இடமாக.

இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா என்று கேட்பீர்கள். ஆம்பூர்-வேலூர் வட்டாரத்தில் ஏற்கனவே ஒரு தடவை முயற்சி நடந்தது. அந்தக் கதை தோலில் ஆரம்பிக்கிறது.

தோல் தொழில் பாலாற்றங்கரைக்கு வந்ததற்குத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். மேலே மணலாகத் தெரிந்தாலும் இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் ஊற்று பொங்கிய காலம். ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். முதலில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். எழுபதுகளில், பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்யாதே, முழுசாகச் செய்து அனுப்பு என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியதும் குரோமியம் வேகமாக உள்ளே வந்தது. டாலர் வந்தது, கிணறு போனது. வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தபோது, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டிருந்தது.

1989 மார்ச் 30-ம் தேதி தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. அரசாணை எண் 213. ஆறு, ஓடை, அணைக்கட்டு கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது. பருவநிலை மாற்றம் என்ற வார்த்தை டீக்கடைக்கு வருவதற்கு ரொம்ப முன்பே, 'தண்ணீரிலிருந்து இத்தனை தூரம் தள்ளி நில்' என்று நிலத்தின் மேல் கோடு கிழித்துவிட்டார்கள். அற்புதமான ஆணை. ஒரே ஒரு சிக்கல், ஆணை வந்தபோது டேனரிகள் கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்து பல தலைமுறை ஆகியிருந்தது. தாலி கட்டி, பிள்ளைக்குக் காது குத்தின பிறகு ஜாதகம் பார்த்த கதை.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. கெடுத்தவன் கட்டணும், கெடுவதற்கு முன்பே காக்கணும் என்ற இரண்டும் இந்தியாவில் சட்டம்தான் என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில் இன்றும் 'வேலூர் கேஸ்' என்று பாடம் நடத்துகிறார்கள். அந்த ஒரு கிலோமீட்டர் ஆணையை அமல்படுத்தவும் உத்தரவு. பிறகு அமைத்த ஆணையம் 2001-ல் கணக்குப் போட்டது: 547 டேனரிகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தலைக்குச் சராசரி பார்த்தால் பத்தாயிரத்துக்கும் கீழே. அதிலும் பாக்கி நின்று, 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், சீர்படுத்தும் வேலையைக் கண்காணிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. மனு போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. கோட்டை முதலில் கிழிக்காவிட்டால் எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்பதற்கு இதைவிட நல்ல பேலன்ஸ் ஷீட் எனக்குத் தெரியாது.

டேனரிக்கும் வெள்ளத்துக்கும் முடிச்சு போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். முடிச்சு ஏற்கனவே விழுந்திருக்கிறது. ரயிலில் காட்பாடிக்கு முன்னால் வாலாஜா ரோடு ஸ்டேஷன் வருமே, அந்தப் பக்கம்தான் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் 1995-ல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து போனது. மழை பெய்தால் மண்ணில் மஞ்சளாக இறங்குகிற சரக்கு. 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31 நள்ளிரவில், அதே சிப்காட்டில் கழிவுக் கசடு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். மழை இல்லை, வெள்ளம் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். எதற்குப் பக்கத்தில் எது இருக்கலாம் என்று முடிவு செய்வதுதான் நிலப் பயன்பாட்டுத் திட்டம். கேட்பதற்கு சர்க்கார் வார்த்தை, விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போனேன். பிரியாணியைப் பற்றி எழுதாவிட்டால் ஆசிரியர் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார். சீரகச் சம்பா, கத்தரிக்காய் பச்சடி, வெங்காயத் தயிர். சாப்பிட்டேன். இரண்டாவது தட்டு நண்பன் கணக்கில். போதுமா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற அழகைப் பார்க்கவேண்டும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். லண்டனில் எவனோ போடப்போகிற பூட்ஸுக்கு இங்கே கைத்தையல். தொழிலை வில்லனாக்கி எழுதுவது சுலபம், இந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் தங்கைக்குக் கல்யாணம், தம்பிக்கு இன்ஜினீயரிங். ஆனால் இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? நாற்றத்தால் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில். அது பெரும்பாலும் பள்ளமும்கூட. பஸ்ஸுக்கு நின்ற ஓர் அக்கா சொன்னார்: "மழை வந்தா பாம்பு, வெயிலு வந்தா தகரம். ரெண்டுக்கும் வாடகை ஒண்ணுதான்." வேறு இடத்தில் வீடு கொடுத்தால் போவீர்களா என்றேன். "எங்க? எட்டு கிலோமீட்டர் அந்தாண்ட குடுத்தா காலையில ஷிஃப்டுக்கு எப்டிபா வர்றது? கம்பெனி பஸ்ஸு அங்க வருமா? பசங்களுக்கு ஸ்கூலு?" ஆற்றோரத்தைக் காலி செய் என்று மேப்பில் கோடு போடுகிறவர், அந்த மேப்பின் வேறொரு மூலையில், வேலைக்குப் பக்கத்தில், இவருக்கு மேட்டில் ஓர் இடமும் போட்டாக வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது திட்டம் இல்லை, விரட்டல்.

ஆம்பூருக்கும் மேலே வாணியம்பாடி. அங்கே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1903 நவம்பர் 12-ம் தேதி, மேலே மைசூர் பக்கம் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த வெள்ளத்தில் இந்த ஊரில் சுமார் இருநூறு பேர் போய்விட்டார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அஞ்சலி செலுத்துகிறார்கள். நல்ல பழக்கம். ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு குக்கிராமம். 1933 சுனாமிக்குப் பிறகு அங்கேயும் ஒரு கல் நட்டார்கள். ஆனால் செத்தவர்களை நினைத்துக்கொள் என்பதோடு நிற்கவில்லை, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்றும் செதுக்கினார்கள். யாரும் கட்டவில்லை. 2011-ல் சுனாமி வந்தபோது தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின. நம்ம கல் சோகத்தைச் சொல்கிறது, அவர்கள் கல் விதியைச் சொல்கிறது.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே. 1995-ல் ஆறு பெருகி இரண்டரை லட்சம் பேரை ஊரை விட்டே கிளப்பவேண்டி வந்தது. கரையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தவர்கள், அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளியும் நிலத்தைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். திட்டத்தின் பெயரே 'ஆற்றுக்கு இடம்'தான்.

நம்ம ஊராட்சிக்கு அவ்வளவு பணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 கோட்டைக் குறிக்க எவ்வளவு ஆகும்? ஒரு டின் பெயிண்ட், ஒரு அளவு நாடா, வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் பத்துப் பதினைந்து நாள் நடக்கவேண்டும். தண்ணீரைப் பார்த்த ஜனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுவர்களில் கறை இருக்கிறது. செல்போன்களில் வீடியோ இருக்கிறது. அதையெல்லாம் சர்வே எண் வாரியாக மேப்பில் ஏற்றிவிட்டால், பச்சையை மஞ்சளாக்கும் மனு வரும்போது முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். கோட்டுக்குக் கீழே தென்னந்தோப்பு இருக்கட்டும், கிரிக்கெட் கிரவுண்டு இருக்கட்டும், வாரச் சந்தை இருக்கட்டும், லாரி நிற்கட்டும். தண்ணீர் வந்தால் சந்தை ஒரு வாரம் லீவு. கெமிக்கல் கோடவுன், கசடுத் தொட்டி, ஸ்கூல், டிரான்ஸ்ஃபார்மர் இவற்றுக்கு மட்டும் அங்கே கண்டிப்பாக இடம் இல்லை. ஏற்கனவே இருக்கும் வீட்டுக்குப் பீடம் உயர்த்த அனுமதியும் கொஞ்சம் உதவியும். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கோடித் தண்ணீர் போகிற கால்வாய்களையும் இதே மேப்பில் ஏற்றவேண்டும், அதில்தான் பாதி நகர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பு வரும். வராமல் இருக்குமா? கோடு போட்டதும் நிலத்தின் விலை இறங்கும். அந்த நிலத்துக்காரர் என்ன தப்பு செய்தார்? அவர் தாத்தா கேழ்வரகு விதைத்த பூமி. சாலை அகலப்படுத்த நிலம் விடுகிறவருக்கு, வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமை கொடுக்கிற முறை நம்ம கட்டட விதிகளிலேயே இருக்கிறது. ஆற்றுக்கு இடம் விடுகிறவருக்கும் அதை நீட்டலாம். நகராட்சிக்கும் தயக்கம் இருக்கும். மனைப்பிரிவுக் கட்டணம், சொத்து வரி, எல்லாம் வருமானம். கவுன்சிலர்களிலும் சிலருக்கு சைடில் ரியல் எஸ்டேட். (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் இல்லை?) அந்த வருமானத்துக்கு எதிர்ப்பக்கத்தில் படகு, நிவாரணம், உடைந்த ரோடு, இடிந்த பாலம் என்று செலவு எழுதிப் பார்த்தால் தெரியும். 2021 நவம்பர் 19-ல் பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனார்களே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

உங்களுக்கும் எனக்கும் இதில் ஒரு வேலை உண்டு. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஊருக்கு முழுமைத் திட்டம் போட்டால் வரைவை வெளியிட்டு ஜனங்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்டாக வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் அவகாசம். பேப்பரில் டெண்டர் விளம்பரத்துக்கும் காணவில்லை விளம்பரத்துக்கும் நடுவே பொடி எழுத்தில் வரும். வேலூர்க்காரர், ஆம்பூர்க்காரர், வாணியம்பாடிக்காரர், சென்னையில் வேலை பார்த்தாலும் சரி, அன்றைக்கு மட்டும் ராசிபலனுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். மூன்று வரி போதும். 'ஐயா, இன்ன கிராமம், இன்ன சர்வே எண். 2021 நவம்பரில் தண்ணீர் இத்தனை அடி நின்றது. போட்டோ இணைத்துள்ளேன். இங்கே மஞ்சள் அடிக்காதீர்கள்.'

டீக்கடைக்காரர் தன் சுவரை அளந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை மட்டும் கடை மூடியிருக்குமாம்.